கிராஃப்ட்வெர்க் திரும்பி வந்த கதை: ‘டூர் டி பிரான்ஸ் சவுண்ட்டிராக்ஸ்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராஃப்ட்வெர்க் யார்? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்தில் 1970இல் ரால்ஃப் ஹூட்டரும் ஃப்ளோரியான் ஷ்னைடரும் தொடங்கிய குழு. பெயருக்கு ‘மின்நிலையம்’ என்று அர்த்தம். கிடாரை ஓரமாக வைத்துவிட்டு, சிந்தசைசரையும் மின்னணுத் தாளத்தையும் மட்டும் நம்பி பாப் இசை செய்யலாம் என்று நிரூபித்தவர்கள். 1974இல் வந்த ‘ஆட்டோபான்’தான் உலகத்துக்கு இவர்களை அறிமுகப்படுத்தியது. நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப் போகிற அனுபவத்தை, 22 நிமிடத்துக்கும் மேல் ஓடும் ஒரே பாட்டாக்கியிருந்தார்கள்.

அப்புறம் 1975இல் வானொலி, 1977இல் ரயில், 1978இல் ரோபோ, 1981இல் கணினி. ஆல்பத்துக்கு ஒரு இயந்திரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த வரிசை பின்னால் தேவைப்படும்.

இவர்களை சிந்த்பாப் என்று சொல்லலாமா?

சொல்லலாம். சிந்தசைசரை மையமாக வைத்துச் செய்யும் பாப் இசைதான் சிந்த்பாப். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வரும் முன்பே அதைச் செய்துகொண்டிருந்தவர்கள். பிரிட்டனில் எண்பதுகளில் கொடிகட்டிப் பறந்த சிந்த்பாப் குழுக்களில் பாதிப் பேர் இவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஓ.எம்.டி குழுவின் ஆண்டி மெக்ளஸ்கி 1975இல் லிவர்பூலில் இவர்கள் கச்சேரியைப் பார்த்த நாளைத்தான் தன் வாழ்க்கையின் திருப்பம் என்று இன்றும் சொல்வார். அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. 1982இல் நியூயார்க் டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டா செய்த ‘பிளானட் ராக்’ இவர்களுடைய மெட்டையும் தாளத்தையும் எடுத்துக்கொண்டுதான் நியூயார்க் ஹிப்ஹாப்பின் திசையை மாற்றியது. டூசல்டார்ஃபில் கோட்டு சூட்டோடு நின்ற நான்கு பேரின் இசைக்கு பிராங்ஸ் தெருக்களில் ஆடினார்கள். எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத விஷயம் இது.

பிரான்சின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸைப் பற்றிய ‘டூர் டி பிரான்ஸ் சவுண்ட்டிராக்ஸ்’ ஆல்பம் 2003இல் வருவதற்கு முன் எத்தனை வருட இடைவெளி? சிலர் 12 என்கிறார்கள், சிலர் 17 என்கிறார்கள்.

எதை ஆல்பம் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. புதுப் பாட்டுகளோடு வந்த முந்தைய ஆல்பம் 1986இன் ‘எலக்ட்ரிக் கஃபே’. அங்கிருந்து 2003 வரை 17 வருடம். நடுவில் 1991இல் ‘தி மிக்ஸ்’ வந்தது. ஆனால் அது பழைய பாட்டுகளையே டிஜிட்டல் கருவிகளில் மறுபடி செய்த தொகுப்பு. அதையும் கணக்கில் சேர்ப்பவர்கள் 12 என்பார்கள். நான் 17 கட்சி.

அத்தனை வருடம் என்னதான் செய்தார்கள்?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. உள்ளே நிறைய நடந்தது, பெரும்பாலும் மெதுவாக.

டூசல்டார்ஃபில் மின்ட்ரோப் தெரு 16ஆம் எண்ணில் ‘க்ளிங் க்ளாங்’ என்ற இவர்களுடைய சொந்த ஸ்டுடியோ இருந்தது. ‘எலக்ட்ரிக் கஃபே’ முடிந்தபின் அங்கே இருந்த அனலாக் கருவிகளின் சத்தங்களை ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையில் இறங்கினார்கள். சொந்த வீட்டை இடித்துக் கட்டுகிற மாதிரியான வேலை அது; முடிந்தது என்று ஒரு நாளும் சொல்ல முடியாது. தினம் ஸ்டுடியோவுக்குப் போனார்கள், வேலை பார்த்தார்கள், வெளியே எதுவும் வரவில்லை. தாளம் வாசித்த வோல்ஃப்காங் ஃப்ளூர் 1987இல் விலகினார். பாட்டு எழுதுவதிலும் பங்கு வைத்திருந்த கார்ல் பார்டோஸ் 1990இல் போய்விட்டார். வேலை நகரவே இல்லை என்பதுதான் பார்டோஸின் குறை.

இதற்குள் வெளி உலகம் மாறியிருந்தது. டெட்ராய்ட் டெக்னோ, சிகாகோ ஹவுஸ் போன்ற மின்னணு நடன இசை வகைகள், பெர்லின் கிளப்புகள் எல்லாமே கிராஃப்ட்வெர்க் போட்ட விதையில் முளைத்தவை. வீட்டுக்கு வீடு கணினி வந்துவிட்டது. 1981இல் கணினியைப் பற்றி இவர்கள் பாடியபோது அது வரப்போகிற உலகம். தொண்ணூறுகளில் அது அலுவலக மேஜை. எதிர்காலத்தைப் பாடி வந்தவர்களுக்கு, எதிர்காலம் வந்து சேர்ந்துவிட்டபின் எதைப் பாடுவது?

1997 மே மாதம் இங்கிலாந்தில் லூட்டன் ஹூ என்ற இடத்தில் நடந்த ‘டிரைபல் கேதரிங்’ விழாவில் மேடையேறி, பெயர் சொல்லாத புதுத் துண்டுகள் சிலவற்றை வாசித்தார்கள். ஆல்பம் வரப்போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். வரவில்லை. வந்தது ‘எக்ஸ்போ 2000’ என்ற ஒரே ஒரு பாட்டு, 1999 டிசம்பரில். ஹனோவர் உலகக் கண்காட்சிக்காகச் செய்து கொடுத்த சில விநாடி ஜிங்கிளிலிருந்து வளர்ந்தது. அந்த ஜிங்கிளுக்கு நாலு லட்சம் மார்க் கொடுத்தார்கள் என்று ஜெர்மனியில் அப்போது பெரிய புகைச்சல்.

நடுவில் ஒரு வழக்கு வேறு. இவர்களுடைய 1977 பாட்டு ஒன்றிலிருந்து இரண்டே விநாடித் தாளத்தை எடுத்துப் பயன்படுத்தியதற்காக மோசஸ் பெல்ஹாம் என்ற தயாரிப்பாளர்மீது போட்ட வழக்கு, ஜெர்மன் நீதிமன்றங்களில் ஏறி இறங்கி 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. பொறுமையில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சரி, இசைக் குழுவுக்கும் சைக்கிள் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்?

எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே ஹூட்டருக்கு சைக்கிள் பைத்தியம். பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆல்ப்ஸ், பிரெனீஸ் மலைக் கணவாய்களில் பந்தய வீரர்கள் ஏறும் அதே பாதைகளில் ஏறுகிறவர். கச்சேரிப் பயணத்தில் அடுத்த ஊர் வருவதற்கு முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கி, மிச்ச தூரத்தை மிதித்தே போய்ச் சேருவார் என்பது இவர்களைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. ஷ்னைடரும் ஓட்டினார். மற்ற இருவருக்கும் இந்த மோகம் அவ்வளவாக ஒட்டவில்லை. ஸ்டுடியோவைவிட சைக்கிளுக்குத்தான் நேரம் போகிறது என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு இருந்தது.

முன்னால் சொன்ன வரிசையை இங்கே எடுத்துப் பாருங்கள். கார், வானொலி, ரயில், ரோபோ, கணினி. அடுத்து என்ன? இன்டர்நெட், செல்போன் என்று போயிருக்கலாம். யாரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். இவர்கள் ஒரே தாவாக 19ஆம் நூற்றாண்டுக்குப் போய், இருப்பதிலேயே எளிய இயந்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். மோட்டார் இல்லை, ஓட்டுகிறவனேதான் மோட்டார். 1978இல் ‘மனித இயந்திரம்’ என்று ஆல்பத்துக்குப் பெயர் வைத்தபோது பொம்மை மாதிரி அசையாமல் நின்றவர்கள், அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருளைக் கண்டுபிடித்தது சைக்கிள் சீட்டில்தான் என்று எனக்குத் தோன்றும். எதிர்காலத்தோடு போட்டி போடுவதை விட்டுவிட்டு, சொந்த உடம்புக்குத் தெரிந்த ஒன்றைப் பாட முடிவெடுத்தார்கள். அதனால்தான் இந்த ஆல்பம் தப்பித்தது.

ஹூட்டருக்கு விபத்து நடந்து, கண் விழித்ததும் “என் சைக்கிள் எங்கே?” என்று கேட்டாராமே?

அழகான கதை, ஆனால் ஹூட்டரே மறுத்துவிட்டார். விபத்து உண்மை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டிப்போய் விழுந்து, தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாட்கணக்கில் கோமா, விழித்ததும் சைக்கிளைப் பற்றிய முதல் கேள்வி என்பதெல்லாம் ஊர் சேர்த்த மசாலா. மூன்று நான்கு நாளில் வெளியே வந்துவிட்டதாகப் பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார்.

‘டூர் டி பிரான்ஸ்’ 1983இலேயே வந்த பாட்டு ஆயிற்றே?

ஆமாம், இங்கேதான் குழப்பம். 1983இல் ‘டூர் டி பிரான்ஸ்’ தனிப் பாட்டாக, சிங்கிளாக வந்தது. சைக்கிள் செயின் ஓடும் சத்தமும், மூச்சிரைப்பும், அதன்மேல் சின்னதாக ஒரு மெட்டும். ஹிண்டமித் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் புல்லாங்குழல் சொனாட்டா ஒன்றின் தொடக்கத்தை அந்த மெட்டு நினைவூட்டும். ஷ்னைடர் அடிப்படையில் புல்லாங்குழல்காரர் என்பதால் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. அடுத்த வருடமே ‘பிரேக்கின்’ என்ற அமெரிக்க நடனப் படத்தில், துடைப்பத்தை வைத்துக்கொண்டு ஒரு பையன் ஆடும் காட்சிக்கு இந்தப் பாட்டைப் போட்டார்கள். மலையேறும் சைக்கிள்காரனுக்காக எழுதிய பாட்டு பிரேக்டான்ஸ் பாட்டாகிவிட்டது.

சைக்கிளைப் பற்றி முழு ஆல்பம் செய்ய ஹூட்டருக்கு அப்போதே ஆசை இருந்தது. கைகூடவில்லை. இருபது வருடம் கழித்து நிறைவேறியது அந்தப் பழைய ஆசைதான். 2003 ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 1983 பாட்டின் புதுப் பதிவு.

பந்தயத்தின் நூற்றாண்டுக்காகவே வெளியிட்டார்களா?

அதுதான் திட்டம். டூர் டி பிரான்ஸ் முதல்முறை நடந்தது 1903 ஜூலையில். 2003 ஜூலை 5 முதல் 27 வரை நூற்றாண்டுப் பந்தயம். புதிய சிங்கிள் எப்படியோ ஜூலையில் வந்துவிட்டது. ஆல்பம் வந்தது ஆகஸ்ட் 4ஆம் தேதி, பந்தயம் பாரிஸில் முடிந்து ஒரு வாரம் கழித்து. 17 வருடம் எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு வாரத்தில் கோட்டைவிட்டார்கள்.

கேட்க எப்படி இருக்கும்?

முதல் தடவை கேட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ‘ரோபோக்கள்’ மாதிரி உடனே நாக்கில் ஒட்டும் பாட்டு இதில் கிடையாது.

அரை நிமிட முன்னுரை முடிந்ததும் மூன்று ‘கட்டங்கள்’, அதோடு ‘க்ரோனோ’ என்ற பகுதியும் சேர்ந்து கிட்டத்தட்ட 19 நிமிடத்துக்கு நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடும். தாளம் மாறாது. மேலே நிறம் மட்டும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வரும். சமவெளி, மலை, மறுபடி சமவெளி. நீண்ட தூரம் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், அரை மணி நேரத்துக்குப் பிறகு மூளை அடங்கி, கால் தானாகச் சுற்றும். அந்த நிலையைத்தான் சத்தமாக்கியிருக்கிறார்கள். நடந்துகொண்டோ, ஓடிக்கொண்டோ, பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டோ கேளுங்கள். சோபாவில் உட்கார்ந்து கேட்டால் இதன் பாதிதான் காதில் விழும்.

அடுத்து வரும் ‘விட்டமின்’ எட்டு நிமிடம். பொட்டாசியம், கால்சியம், இரும்பு, மக்னீசியம், துத்தநாகம் என்று மருந்துக் கடை ரசீதை வாசிப்பதுபோல அடுக்கிக்கொண்டே போவார்கள், அவ்வளவுதான் பாட்டு. குமிழி குமிழியாக வரும் அந்தச் சத்தம், தண்ணீரில் மாத்திரை கரைவதை அப்படியே கண்முன் நிறுத்தும். ‘ஏரோ டைனமிக்’கும் ‘டைட்டேனியம்’மும் ஒரே பாட்டின் இரண்டு முகங்கள், கிளப்புகளில் பிடித்துப்போனவை இவைதான்.

என்னுடைய தேர்வு ‘எலக்ட்ரோ கார்டியோகிராம்’. ஹூட்டர் தன் உடற்பரிசோதனைகளின்போது இதயத் துடிப்பையும் மூச்சையும் பதிவு செய்து, அவற்றை இந்த ஆல்பத்தின் ஒலிகளாகப் பயன்படுத்தினார். முப்பது வருடம் டிரம் மெஷினைத் தட்டிய குழு, கடைசியில் டிரம்முக்காகத் தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்திருக்கிறது. அதற்கு அப்புறம் வரும் ‘லா ஃபோர்ம்’ மெதுவானது, கிட்டத்தட்ட சோகமானது. பந்தயம் முடிந்த உடம்பு இளைப்பாறுகிற பாட்டு. இந்த ஆல்பத்தில் கண் கலங்க வைக்கக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

எந்த மொழியில் பாடுகிறார்கள்?

பெரும்பாலும் பிரெஞ்சில், இடையிடையே எந்த மொழிக்காரருக்கும் புரிகிற தொழில்நுட்பச் சொற்கள். முந்தைய ஆல்பங்கள் பலவற்றை ஜெர்மன் பதிப்பு, ஆங்கிலப் பதிப்பு என்று தனித்தனியாக வெளியிட்டவர்கள் இவர்கள். இந்த முறை உலகம் முழுக்க ஒரே பதிப்பு. வரிகளில் உதவியவர் இவர்களுடைய பழைய பிரெஞ்சு நண்பர் மக்சீம் ஷ்மிட். பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். வரிகளில் பாதி மலைகளின் பெயரும் சைக்கிள் பாகங்களின் பெயரும்தான்.

ஊக்கமருந்து விவகாரம் பற்றி இதில் ஏதாவது உண்டா?

இல்லை. 1998இல் ஃபெஸ்டினா அணியின் வண்டியில் ஊக்கமருந்து பிடிபட்டு பந்தயமே நாறிப்போயிருந்தது. ஐந்து வருடம் கழித்து வந்த ஆல்பம் அதைத் தொடவே இல்லை. ‘விட்டமின்’ பாட்டில் பெரும்பாலும் கடையில் வாங்கக்கூடிய சத்து மாத்திரைகள்தான். அப்பாவித்தனமா, குறும்பா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். குறும்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை, ஆனால் ஹூட்டரின் முகத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. அந்த நூற்றாண்டுப் பந்தயத்தில் வென்றவர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். 2012இல் அவருடைய ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. ஆக 2003 பந்தயத்துக்கு இன்று வெற்றியாளர் என்று யாரும் இல்லை, ஆல்பம் மட்டும் இருக்கிறது.

ஃப்ளூரும் பார்டோஸும் இல்லாமல் இது கிராஃப்ட்வெர்க்தானா?

பழைய ரசிகர்களின் நிரந்தரச் சண்டை. எழுபதுகளின் அந்த நால்வர்தான் கிராஃப்ட்வெர்க் என்பவர்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. 2003இல் ஹூட்டர், ஷ்னைடரோடு இருந்தவர்கள் ஃப்ரிட்ஸ் ஹில்பர்ட்டும் ஹென்னிங் ஷ்மிட்ஸும், இருவரும் ஒலிப்பொறியாளர்கள். அது ஆல்பத்தில் தெரிகிறது. சத்தம் கண்ணாடி மாதிரி சுத்தம், ஆனால் மெட்டு குறைவு. பார்டோஸ் இருந்திருந்தால் இன்னும் இரண்டு நல்ல மெட்டு கிடைத்திருக்கும் என்று நானும் நினைப்பதுண்டு. ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் அவர் பெயர் இருக்கிறது, 1983 பாட்டில் அவருக்கும் பங்கு உண்டென்பதால். வேடிக்கை என்னவென்றால், பார்டோஸின் தனி ஆல்பமான ‘கம்யூனிகேஷன்’ வந்ததும் அதே 2003இல்தான்.

வரவேற்பு எப்படி?

ஜெர்மனியில் முதலிடம். அதுவரை சொந்த நாட்டில் இவர்களுடைய எந்த ஆல்பமும் முதலிடத்தைத் தொட்டதில்லை என்றால் நம்புவீர்களா? விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய டெக்னோ மாதிரி இருக்கிறது என்றார்கள் சிலர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் புதுச் சத்தம் தேடி இந்த ஆல்பத்துக்குப் போகக் கூடாது. அன்று புதிதாக ஒலித்த பல ஆல்பங்களில் இன்று தூசி படிந்திருக்கிறது, இதில் அவ்வளவாக இல்லை.

எந்தப் பதிப்பைக் கேட்பது? பெயர் வேறு வேறாக இருக்கிறதே.

2003இல் பெயர் ‘டூர் டி பிரான்ஸ் சவுண்ட்டிராக்ஸ்’. 2009இல் ஒலியைத் துலக்கி மறுவெளியீடு செய்தபோது பின்பாதியை வெட்டி ‘டூர் டி பிரான்ஸ்’ என்று மட்டும் வைத்தார்கள். பாட்டுகள் அவையேதான். இதைக் கேட்டுப் பிடித்திருந்தால் 2005இல் வந்த கச்சேரிப் பதிவான ‘மினிமம் மாக்சிமம்’ கேளுங்கள். அந்தப் பெயரே ‘எலக்ட்ரோ கார்டியோகிராம்’ பாட்டிலிருந்து வந்ததுதான். மேடையில் இந்தப் பாட்டுகளுக்கு இன்னும் கொஞ்சம் ரத்த ஓட்டம் கிடைத்துவிடுகிறது.

கிராஃப்ட்வெர்க்கையே கேட்காதவர் இந்த ஆல்பத்தில் தொடங்க வேண்டாம். 1977இன் ரயில், 1981இன் கணினி, அப்புறம் இது.

இதற்குப் பிறகு புது ஆல்பம்?

இன்னும் இல்லை. 17 வருடம் நீளம் என்று புலம்பிய ரசிகர்கள் இப்போது அதைவிட நீண்ட இரண்டாவது இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கச்சேரிகள் மட்டும் ஓயவில்லை. முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் கச்சேரிகளின் பதிவுத் தொகுப்புக்கு 2018இல் கிராமி விருதும் கிடைத்தது. ஷ்னைடர் 2008இல் குழுவைவிட்டு விலகி, 2020 ஏப்ரலில் காலமானார். நிறுவனர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம் இதுதான்.

உண்மையான பந்தயத்தோடு சேர்ந்து எப்போதாவது வாசித்திருக்கிறார்களா?

இரண்டு தடவை சொல்ல வேண்டும். 2009 ஜூலையில் மான்செஸ்டரின் உள்ளரங்க சைக்கிள் மைதானத்தில் ஒரு கச்சேரி. ‘டூர் டி பிரான்ஸ்’ தொடங்கியதும் பிரிட்டனின் ஒலிம்பிக் சைக்கிள் வீரர்கள் நான்கு பேர் உள்ளே வந்து, பாட்டு முடியும்வரை கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். அவர்களில் ஒருவர் ஜெரெய்ன்ட் தாமஸ் என்ற வேல்ஸ் இளைஞர், அப்போது வயது 23.

2017இல் டூர் டி பிரான்ஸ் தொடங்கிய ஊர் டூசல்டார்ஃப். ஜூலை 1ஆம் தேதி மழையில் நனைந்த தெருக்களில் 14 கிலோமீட்டர் தனியாள் நேரப் பந்தயம். அன்று மாலை அதே ஊரில், திறந்தவெளியில் கிராஃப்ட்வெர்க் கச்சேரி. பகலில் பந்தயத்தை ஜெயித்து, முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டவர் ஜெரெய்ன்ட் தாமஸ்.